பாட்டு அல்ல, படம்! – மைக்கேல் ஜாக்சனும் உருகி மாறும் முகங்களும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடிதம் டைப் செய்ய, வரவு செலவுக் கணக்கு வைக்க, பிள்ளைகள் படிக்க என்று பல காரணங்கள் சொல்லித்தான் வாங்கியிருப்போம். ஆனால் ஸ்பீக்கரை இணைத்தவுடன் முதலில் ஓடுவது ஏதாவது ஒரு பாட்டு வீடியோவாகத்தான் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. திரை, ஒலி, கிராபிக்ஸ், இன்டர்நெட் வேகம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்க வீடியோவை விட நல்ல வழி கிடையாது.

அப்படிச் சோதிக்க நான் எப்போதும் ஒரே வீடியோவைத்தான் பயன்படுத்துகிறேன். மைக்கேல் ஜாக்சனின் ‘பிளாக் ஆர் ஒயிட்’. 1991ல் வந்தது. பாடல் முடியும் நேரத்தில் ஒருவர் முகம் இன்னொருவர் முகமாக உருகி மாறும். ஆண் பெண்ணாவார், சுருட்டை முடி நேர் முடியாகும், கறுப்பு நிறம் வெளுப்பாகும். நடுவில் வெட்டு எதுவும் தெரியாது. இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் இதை முதன்முதலில் பார்த்தபோது, “இதை எப்படிச் செய்தார்கள்?” என்ற கேள்விதான் என்னைக் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பாடத்தின் பக்கம் இழுத்தது.

பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்தது பாதிப் படம் என்று. அந்த வீடியோவின் முழு நீளம் சுமார் 11 நிமிடங்கள். நான் பார்த்த வடிவத்தில் கடைசி நான்கு நிமிடங்கள் இல்லவே இல்லை. வெட்டப்பட்ட அந்த நான்கு நிமிடங்களில் இன்னொரு உருமாற்றம் இருக்கிறது. எல்லாரும் ரசித்த முக மாற்றம் தப்பித்தது. அவர் சொல்ல நினைத்த கதை வெட்டுப்பட்டது. ஏன் என்று பார்ப்போமா?

வீடியோ என்று சொல்லாதீர்கள்

அமெரிக்காவில் எம்.டி.வி. சேனல் 1981 ஆகஸ்ட் 1ல் தொடங்கியது. நாள் முழுவதும் பாட்டு வீடியோக்கள். அன்றைய வீடியோக்கள் பெரும்பாலும் விளம்பரத் துண்டுகள்தான். பாடகர் மைக் முன் நின்று வாயசைப்பார். பின்னால் புகை வரும். கிடார் வாசிப்பவர் தலையை ஆட்டுவார். முடிந்தது. ரிக்கார்டு விற்க இது போதும் என்று கம்பெனிகள் நினைத்தன.

ஜாக்சனுக்கு இது போதவில்லை. சின்ன வயதிலிருந்தே அவர் சினிமாப் பைத்தியம். பிரெட் அஸ்டெயரின் பழைய நடனப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர். தன்னுடைய வீடியோக்களை வீடியோ என்று அழைப்பதையே அவர் விரும்பியதில்லை. குறும்படம் என்றுதான் சொல்வார். ஆரம்பம், நடு, முடிவு மூன்றும் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. படப்பிடிப்புத் தளத்தில் உள்ளவர்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாராம்.

1982 நவம்பர் 30ல் அவருடைய ‘திரில்லர்’ ஆல்பம் வெளியானது. அதிலிருந்து ‘பில்லி ஜீன்’ பாடலை ஸ்டீவ் பேரன் படமாக்கினார். ஜாக்சன் நடந்தால் காலடிக் கல் ஒளிரும். துப்பறிவாளர் ஒருவர் பின்தொடர்வார். ஆனால் பிடிக்க முடியாது. சின்னக் கதைதான், இருந்தாலும் கதை. இதை எம்.டி.வி. காட்டுமா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது. அந்தச் சேனலில் கறுப்பினப் பாடகர்களின் வீடியோக்கள் மிக அபூர்வம். ரிக்கார்டு கம்பெனியின் தலைவர், “இதைக் காட்டாவிட்டால் எங்கள் மற்றப் பாடகர்களின் வீடியோக்களையும் எடுத்துவிடுவோம்” என்ற பாணியில் மிரட்டினார் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. சேனல் தரப்பில் அதை மறுத்தார்கள். எப்படியோ 1983 மார்ச்சில் வீடியோ வந்தது, கதவும் திறந்தது.

அடுத்து ‘பீட் இட்’. பாப் ஜிரால்டி இயக்கம். இரண்டு ரவுடிக் கும்பல்கள் மோதிக்கொள்ளக் கிளம்புகின்றன. நடுவில் புகுந்து ஜாக்சன் தடுக்கிறார். கும்பலில் நடிக்க லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நிஜக் கும்பல் ஆட்களையே அழைத்து வந்தார்கள்! கம்பெனி செலவை ஏற்க மறுத்தது. ஜாக்சன் தன் கையிலிருந்து பணம் போட்டார்.

ரப்பரும் ஒட்டுப் பல்லும்

இதற்குப் பிறகு வந்ததுதான் உலகம் அறிந்த ‘திரில்லர்’. 1981ல் ஜான் லேண்டிஸ் இயக்கிய ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ என்ற திகில் படத்தில் ஓர் இளைஞன் நம் கண் முன்னாலேயே ஓநாயாக மாறுவான். அந்த மேக்கப்புக்காக ரிக் பேக்கருக்கு ஆஸ்கார் கிடைத்தது. மேக்கப்புக்கென்று தனிப் பிரிவு வைத்து ஆஸ்கார் கொடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டும் அதுதான். படத்தைப் பார்த்த ஜாக்சன் லேண்டிசுக்கே போன் செய்து, தானும் மிருகமாக மாற வேண்டும் என்று கேட்டார். கேட்டவர் உலகின் முன்னணிப் பாடகர், வயது 25. குழந்தை கேட்பது போல இருந்திருக்கும்.

லேண்டிஸ் ஒரு நிபந்தனை வைத்தார். எடுத்தால் சினிமா போலத்தான் எடுப்பேன். 35 எம்.எம். பிலிம், சரியான கதை, வசனம், நடனம் எல்லாம் வேண்டும். ஜாக்சனுக்கும் வேண்டியது அதுதானே! ஆனால் ஆல்பம் வெளியாகி வருடம் ஒன்றாகப் போகிறது. ஏற்கனவே விற்றுத் தீர்ந்த ஆல்பத்துக்கு மேலும் ஒரு வீடியோ எதற்கு என்று கம்பெனி பெரிய தொகை தர மறுத்துவிட்டது. இவர்கள் செய்தது புத்திசாலித்தனமான வேலை. படம் எடுப்பதையே இன்னொரு படமாக எடுத்தார்கள். ‘மேக்கிங் ஆப் திரில்லர்’ என்ற அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சியின் ஒளிபரப்பு உரிமையை எம்.டி.வி.க்கும் ஷோடைம் சேனலுக்கும் விற்றார்கள். வீடியோ கேசட்டாகவும் விற்றார்கள். செலவுக்கு வழி பிறந்தது. இன்று ஒவ்வொரு படத்துக்கும் ‘மேக்கிங்’ வீடியோ வருகிறதே, அந்த வழக்கம் வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

1983 டிசம்பர் 2ல் எம்.டி.வி.யில் ‘திரில்லர்’ முதன்முதலாக வந்தது. சுமார் 14 நிமிடங்கள். பாடல் தொடங்குவதற்கே நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு படம், அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்கும் ஒரு ஜோடி என்று கதைக்குள் கதை வந்துவிடும். வெளியாகும் முன் ஒரு பெரிய சிக்கல் வந்தது. ஜாக்சன் அப்போது யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவைச் சேர்ந்தவர். பேய், பிசாசு படம் எடுத்ததற்குக் கண்டனம் வந்ததும் மனம் உடைந்து, நெகடிவையே அழித்துவிடச் சொல்லிவிட்டார். அவருடைய வக்கீல் அழிக்காமல் காலம் கடத்தினார். கடைசியில் படத்தின் தொடக்கத்தில், இது பேய் நம்பிக்கையை ஆதரிப்பதல்ல என்று ஓர் அறிவிப்புப் போட்டுச் சமாதானம் செய்துகொண்டார்கள். இன்றும் அந்த அறிவிப்பைத் திரையில் பார்க்கலாம். 2009ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம் பெற்ற முதல் பாட்டு வீடியோ இது.

கம்ப்யூட்டர் பத்திரிகை வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘திரில்லர்’ உருமாற்றத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. ரப்பர் முகமூடி, ஒட்டுப் பல், மஞ்சள் கான்டாக்ட் லென்ஸ், ஒட்டு முடி. இவைதான். மாற்றம் தொடங்கும், கேமரா கைக்குப் போகும், நகம் நீளும், மறுபடி முகத்துக்கு வரும்போது மேக்கப் ஒரு படி கூடியிருக்கும். அதாவது ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் பல மணி நேர மேக்கப் வேலை ஒளிந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் கழித்து இதே இயக்குநர் இதே ஜாக்சனை மறுபடி மிருகமாக்கப் போகிறார்.

சாய்ந்தாலும் விழாத ஷூ

நடுவில் வந்தவற்றை வேகமாகப் பார்த்துவிடுவோம். 1987ல் ‘பேட்’ பாடலை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கார்செசி. 18 நிமிடங்கள். ரிச்சர்ட் பிரைஸ் எழுதிய கதை. வசதியான பள்ளியில் படித்துவிட்டு ஊர் திரும்பும் ஏழை இளைஞனை, பழைய நண்பர்கள் ‘நீ மாறிவிட்டாய்’ என்று சீண்டுகிறார்கள். கறுப்பு வெள்ளையில் கதை. புரூக்ளின் சுரங்க ரயில் நிலையத்தில் நடனம் தொடங்கும்போதுதான் வண்ணம் வரும். என் கருத்தில் நடிப்பு என்று பார்த்தால் ஜாக்சனின் சிறந்த படம் இதுதான். ஆனால் நீளம் கருதிப் பெரும்பாலும் நடனத்தை மட்டுமே காட்டினார்கள்.

1988ல் ‘மூன்வாக்கர்’ படத்தில் இடம் பெற்ற ‘ஸ்மூத் கிரிமினல்’ பாடலில் ஆடுபவர்கள் 45 டிகிரி அளவுக்கு முன்னால் சாய்ந்து, விழாமல் நிமிர்வார்கள். படத்தில் இதைக் கம்பி கட்டிச் செய்தார்கள். மேடையில் கம்பி கட்ட முடியாதே? அதற்காக ஜாக்சனும் வேறு இருவரும் சேர்ந்து ஒரு ஷூவை வடிவமைத்தார்கள். குதிகாலில் ஒரு பள்ளம். மேடையிலிருந்து மேலே எழும் ஓர் ஆணியில் அது மாட்டிக்கொள்ளும். 1993 அக்டோபர் 26ல் இதற்கு அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. எண் 5,255,452. கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். வரைபடங்களுடன் முழு ஆவணமும் வரும். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் பாப் பாடகர் ஒருவரின் பெயரைப் பார்ப்பது வேடிக்கையாக இருக்கும்!

1991 நவம்பர் 14

அன்று ‘பிளாக் ஆர் ஒயிட்’ 27 நாடுகளில் ஒரே நேரத்தில் டிவியில் ஒளிபரப்பானது. சுமார் 50 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள். இன்டர்நெட் வீடுகளுக்கு வராத காலம் அது. இன்று ஒரு டிரெய்லருக்கு நள்ளிரவில் காத்திருப்பது போல அன்று டிவி முன் காத்திருந்தார்கள்.

கதை ஒரு வீட்டில் தொடங்குகிறது. மெக்காலே கல்கின் நடித்த சிறுவன் சத்தமாகப் பாட்டு வைக்கிறான். அப்பா திட்டுகிறார். பையன் ராட்சத ஸ்பீக்கரைக் கொண்டு வந்து வைத்து ஒரே ஒரு முறை கிடாரை மீட்டுகிறான். அப்பா நாற்காலியோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் போய் விழுகிறார். அங்கே ஜாக்சன் ஆடிக்கொண்டிருக்கிறார். பிறகு தாய்லாந்து நடனம், அமெரிக்கப் பூர்வகுடிகள், வாகனங்கள் பறக்கும் சாலை நடுவில் ஓர் ஒடிசி நடனமணி, பனியில் ரஷ்ய நடனம் என்று உலகம் சுற்றுகிறது. நிறம் முக்கியமில்லை என்பது பாட்டின் செய்தி. கடைசியில் அந்த முகங்கள்.

முகங்கள் முடிந்ததும் இயக்குநர் லேண்டிஸ் தாமே திரையில் வந்து ‘கட்’ சொல்கிறார். கடைசி முகத்துக்குரிய பெண்ணிடம், எப்படி இதைச் செய்தாய் என்று வியந்து கேட்கிறார்! நான் கேட்ட அதே கேள்வி. பதிலைப் படத்தில் சொல்ல மாட்டார்கள். நாம் பார்ப்போம்.

நாலு கண் தாத்தா

இந்த வித்தைக்கு மார்பிங் என்று பெயர். இதைச் செய்தது கலிபோர்னியாவில் இருந்த பசிபிக் டேட்டா இமேஜஸ் என்ற நிறுவனம். பின்னாளில் டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1998ல் ‘ஆன்ட்ஸ்’, 2001ல் ‘ஷ்ரெக்’ படங்களை உருவாக்கியதும் இவர்களே. மார்பிங் இதற்கு முன்பும் உண்டு. 1988ல் ‘வில்லோ’ என்ற படத்தில் மிருகங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும். ஆனால் நாம் நன்கு அறிந்த மனித முகங்களில், நெருக்கக் காட்சியில், ஆடிக்கொண்டே செய்து காட்டியது இந்த வீடியோதான். முகத்தில் சிறு பிசகு இருந்தாலும் நம் கண் கண்டுபிடித்துவிடும். அதனால் இது கடினம்.

எவ்வளவு கடினம் என்பதை நான் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். தாத்தாவின் பழைய ஸ்டுடியோ போட்டோவையும் அப்பாவின் போட்டோவையும் ஸ்கேன் செய்து, ஒரு வீடியோ எடிட்டிங் சாப்ட்வேரில் அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் டிசால்வ் என்ற எபெக்டைக் கொடுத்தேன். மார்பிங் ஆகிவிட்டது என்ற பெருமையோடு சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நடுவில் நிறுத்தினார். “டேய், என்னடா இது, தாத்தாவுக்கு நாலு கண்ணு இருக்கு!” என்றார்.

அவர் சொன்னது சரி. டிசால்வ் என்பது முதல் படத்தின் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே இரண்டாவது படத்தின் அடர்த்தியைக் கூட்டுவது. அவ்வளவுதான். தாத்தாவின் கண்கள் ஓரிடத்தில், அப்பாவின் கண்கள் வேறிடத்தில். பாதி வழியில் இரண்டு ஜோடியும் மங்கலாகத் தெரியும்.

மார்பிங்கில் கலப்பதற்கு முன் இன்னொரு வேலை நடக்கிறது. இரண்டு போட்டோக்களும் ரப்பர் தாளில் அச்சிடப்பட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதல் போட்டோவில் புருவம், கண், மூக்கு, உதடு, தாடை ஓரம் என்று கோடுகள் போடுகிறீர்கள். இரண்டாவது போட்டோவில் அதே உறுப்புகளுக்கு அதே எண்ணிக்கையில் கோடுகள். இனி நடுவில் வரும் ஒரு பிரேமை உருவாக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு ஜோடிக் கோட்டுக்கும் நடுவில் ஒரு கற்பனைக் கோடு கணக்கிடப்படுகிறது. பிறகு முதல் ரப்பர் தாளை அதன் கோடுகள் கற்பனைக் கோடுகளின் மேல் வந்து விழும்படி இழுக்கிறோம். இரண்டாவது தாளை எதிர்ப் பக்கமிருந்து அதே இடத்துக்கு இழுக்கிறோம். இப்போது இரண்டு படங்களிலும் கண்கள் ஒரே இடத்தில், உதடுகள் ஒரே இடத்தில். இந்த நிலையில் பாதிக்குப் பாதி கலந்தால் நாலு கண் வராது. யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் நம்பத்தகுந்த ஒரு புதிய முகம் வரும்.

கோடுகளுக்கு இடையில் உள்ள கன்னம், நெற்றி என்ன ஆகும்? ஒவ்வொரு புள்ளியையும் எல்லாக் கோடுகளும் இழுக்கும். கிட்டே உள்ள கோடு பலமாக, தூரத்துக் கோடு லேசாக. இந்தக் கணக்கைத் தாடியஸ் பையர், ஷான் நீலி என்ற இருவர் 1992ல் சிகாகோவில் நடந்த சிக்ராப் மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ‘பிளாக் ஆர் ஒயிட்’ முகங்கள் அந்தக் கட்டுரையில் உதாரணமாகவே வருகின்றன. கல்லூரியில் எனக்குப் பாடமாக வந்ததும் இதுதான். பாப் பாட்டிலிருந்து பிறந்த அல்காரிதத்தைப் பரீட்சைக்குப் படித்த அனுபவம் எத்தனை பேருக்கு வாய்க்கும்!

கம்ப்யூட்டருக்கு இது எவ்வளவு வேலை? 640 x 480 அளவுள்ள சிறிய படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 3,07,200 புள்ளிகள். 40 கோடுகள் போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் 40 கணக்கு. இரண்டு படங்களுக்கும் சேர்த்து ஒரு பிரேமுக்கு 2,45,76,000. இரண்டு விநாடிக் காட்சிக்கு 50 பிரேம்கள் என்றால் சுமார் 123 கோடிக் கணக்குகள். உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் இதைச் சில விநாடிகளில் முடித்துவிடும். 1991ன் ஒர்க்ஸ்டேஷன்களுக்கு இது பெரிய சுமை. அதோடு வீடியோவில் ஆட்கள் அசைகிறார்கள். கோடுகளையும் அசைவுக்கேற்ப மனிதர்கள் உட்கார்ந்து நகர்த்த வேண்டும். ஒருவர் தலையைச் சாய்க்கும்போது அடுத்தவரும் அதே அளவு சாய்க்காவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. முகங்களை நன்றாகக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே வரியை ஒரே மாதிரித் தலையாட்டிப் பாடுவார்கள். பாதி மார்பிங் கேமரா முன்னாலேயே முடிந்துவிட்டது.

கருஞ்சிறுத்தை

இனி அந்த நான்கு நிமிடங்களுக்கு வருவோம். லேண்டிஸ் ‘கட்’ சொன்ன பிறகு எல்லாரும் கலைகிறார்கள். ஒரு கருஞ்சிறுத்தை அவர்களைத் தாண்டிப் படிகளில் இறங்குகிறது. யாரும் கவனிப்பதில்லை. வெளியே ஆளில்லாத ஈரமான தெரு. அங்கே சிறுத்தை ஜாக்சனாக மாறுகிறது. எட்டு வருடங்களுக்கு முன் மனிதன் மிருகமாக மாற ரப்பரும் வெட்டுகளும் தேவைப்பட்டன. இங்கே ஒரே ஓட்டத்தில் மிருகம் மனிதனாகிறது.

அதற்குப் பிறகு பாட்டு இல்லை. இசையே கிட்டத்தட்ட இல்லை. காலடிச் சத்தம், காற்று, கத்தல். கோபமான நடனம். காரின் கண்ணாடிகளைக் கடப்பாரையால் உடைக்கிறார். கடையின் கண்ணாடியை நொறுக்குகிறார். ஓட்டல் பெயர்ப்பலகை தீப்பொறி பறக்க விழுகிறது. மறுபடி சிறுத்தையாகிப் போய்விடுகிறார். உலகமெல்லாம் கைகோத்து ஆடிய பாட்டுக்குப் பின்னால் ஏன் இவ்வளவு கோபம்? படம் பதில் சொல்லவில்லை.

பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த நிகழ்ச்சி. வன்முறை, அதோடு ஆபாசமான சில அசைவுகள். டிவி நிலையங்களுக்குப் புகார்கள் குவிந்தன. உடனடியாக ஜாக்சன் மன்னிப்புக் கேட்டார். சிறுத்தையின் மிருக உணர்வைத்தான் நடனமாக்கினேன், குழந்தைகள் இதைப் பார்த்துக் கெட்டுப் போவார்கள் என்றால் வருந்துகிறேன் என்ற பொருளில் அறிக்கை விட்டார். அந்தப் பகுதி நீக்கப்பட்டது.

கதை இதோடு முடியவில்லை. பின்னால் வெளியிட்ட ஒரு வடிவத்தில் அந்தப் பகுதி திரும்பி வந்தது, ஒரு மாற்றத்தோடு. அவர் உடைக்கும் கண்ணாடிகளின் மீது இப்போது இனவெறி வாசகங்களும் நாஜிச் சின்னமும் எழுதப்பட்டிருந்தன. படப்பிடிப்பில் இல்லாத எழுத்துகள். கம்ப்யூட்டர் மூலம் பிரேம் பிரேமாக ஒட்டப்பட்டவை. ‘எதற்கு உடைக்கிறார்?’ என்று கேட்டவர்களுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அவர் உடைப்பது வெறுப்பை.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது மார்பிங்கை விடச் சின்ன வேலை. நகரும் கண்ணாடியோடு எழுத்தும் நகர வேண்டும். உடையும்போது எழுத்தும் உடைய வேண்டும். ஆனால் கதை என்று பார்த்தால் இது பெரிய வேலை. எடுத்து முடித்த படத்தின் அர்த்தத்தையே மாற்றிவிட்டார்கள். எனக்கு இதில் இரண்டு மனம். காரணம் தெரிந்ததால் புரிகிறது, உண்மைதான். ஆனால் காரணமே சொல்லாத அந்த முதல் வடிவம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. நிறம் முக்கியமில்லை என்று பாடிவிட்டு, யாரும் பார்க்காத தெருவில் போய்க் கத்துகிற மனிதனுக்குக் கண்ணாடியில் எழுதி வைத்தா காரணம் காட்ட வேண்டும்? எம்.டி.வி.யின் கதவு திறக்கக் காத்திருந்தவர் அவர்தானே.

ஜாக்சன் இந்த ஆசையை விடவில்லை. 1992ல் ஜான் சிங்கிள்டன் இயக்கிய ‘ரிமெம்பர் தி டைம்’ எகிப்துக் கதை. அதில் அவர் மணலாக உதிர்வார். 1995ல் ‘ஸ்க்ரீம்’ 70 லட்சம் டாலர் செலவில் வந்து அதிகச் செலவான பாட்டு வீடியோ என்று பெயர் வாங்கியது. பளபளப்பு உண்டு, கதை குறைவு. பிறகு ஸ்டான் வின்ஸ்டன் இயக்கிய ‘கோஸ்ட்ஸ்’ கிட்டத்தட்ட 40 நிமிடம். ஊரைவிட்டுத் துரத்த வரும் வெள்ளைக்கார மேயராகவும் துரத்தப்படுபவராகவும் அவரே நடித்தார். 2009 ஜூன் 25ல் இறந்தார். அவர் மீதான வழக்குகள், குற்றச்சாட்டுகள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அது வேறு கட்டுரை.

நீங்களும் செய்து பார்க்க

சித்தி கேலி செய்த பிறகு நான் விடவில்லை. ‘மார்பிங் சாப்ட்வேர்’ என்று தேடினால் இலவசமாகவும் ஷேர்வேராகவும் பல கிடைக்கும். தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்திடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்திக்கொண்டே போனால் வேண்டாத புரோகிராம்களும் உள்ளே வந்துவிடும். மொபைலில் ஒரே தட்டலில் இதைச் செய்யும் ஆப்களும் உண்டு. ஆனால் அவற்றில் சில உங்கள் போட்டோவைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படம் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

இரண்டு போட்டோவிலும் ஆள் நேராகப் பார்க்கட்டும். பெயின்ட் போன்ற ஏதாவது புரோகிராமில் இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டி, கண்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பைல்களைத் தனி போல்டரில் காப்பி எடுத்து வைத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். நிறைய சாப்ட்வேர்களில் கோடுகளுக்குப் பதில் புள்ளிகள் வைக்கச் சொல்லும், வேலை ஒன்றுதான். கண்ணுக்கு நாலு, மூக்குக்கு மூன்று, உதட்டுக்கு ஆறு என்று தொடங்குங்கள். காதையும் தலைமுடி ஓரத்தையும் மறக்காதீர்கள். முடிதான் அதிகம் சதி செய்யும். தாத்தாவின் மூக்குக் கண்ணாடி எனக்கு மூன்று மாலைகளை வாங்கிக்கொண்டது. அப்பா கண்ணாடி போடாதவர். பிரேம் உருகி கன்னத்தில் வழிவது போலவே வந்தது. கடைசியில் அப்பாவையே ஒரு கண்ணாடி மாட்டி, தாத்தா மாதிரித் தலையைச் சற்றுச் சாய்த்து உட்காரச் சொல்லிப் புதிதாகப் போட்டோ எடுத்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

‘பிளாக் ஆர் ஒயிட்’ பார்க்க விரும்புபவர்கள் யு-டியூபில் ஜாக்சனின் அதிகாரபூர்வ சேனலுக்குச் செல்லுங்கள். ஓடும் நேரத்தைப் பார்த்துக் கிளிக் செய்திடுங்கள். ஆறு நிமிடத்தோடு முடிகிற வடிவம் என்றால் சிறுத்தை வராது. குழந்தைகள் அருகில் இருந்தால் அந்தச் சிறிய வடிவமே போதும். 11 நிமிட வடிவத்தை இரவில் பார்ப்பதாக இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி உடையும் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.